வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது கோழிகளை யாரிடம் விடுவது?

கேள்வி: மல்லாவியிலிருந்து ஒரு வாசகி, 3 யூன் 2024

அம்மாவின் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போக வேண்டியிருக்கிறது. பத்து நாளாவது நிற்க வேண்டி வரும் என்கிறார்கள். வீட்டில் பன்னிரண்டு பேடும் இரண்டு சேவலும் நிற்கின்றன. ஒன்று அடைகிடக்கிறது, இன்னொன்று குஞ்சுகளோடு திரிகிறது. "ஊர்க்கோழிதானே, ஒரு தாச்சியில் நெல்லும் தவிடும், வாளியில் தண்ணீரும் வைத்துக் கூட்டைத் திறந்துவிட்டுப் போ, அவை தாமாகப் பிழைத்துக்கொள்ளும்" என்று மாமா சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

4 யூன், காலை

செய்ய வேண்டாம். மாமா சொல்வதில் பாதி சரிதான். ஊர்க்கோழி பகலில் தன் இரையைத் தேடிக்கொள்ளும். வளவில் குப்பையும் கறையானும் புல்விதையும் இருக்கும் வரையில் பட்டினி கிடந்து சாகாது. ஆனால் வன்னியில் கோழி பட்டினியால் அழிந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. இங்கே அவை அழிவது இரவில், கூட்டின் கதவு திறந்து கிடப்பதால். முத்தையன்கட்டுப் பக்கத்தில் எங்கள் வளவுக்குப் பின்னால் காடு தொடங்குகிறது. மரநாய் கூரை வழியாகவும் வரும், கதவு வழியாகவும் வரும். ஒரு கோழியைத் தின்பதற்காக உள்ளே இறங்குகிற மரநாய், அவை சிறகடித்துக் கலவரப்படும்போது கண்ணில் பட்டவற்றையெல்லாம் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். பகலில் கீரியும் பருந்தும் நாயும் வரும் என்பது உண்மையே. ஆனாலும் பகலில் கோழிக்கு ஓட வழியுண்டு, பறந்து ஏற வேலியுண்டு, கொக்கரித்து எச்சரிக்கச் சேவலுண்டு. இருட்டினால் கோழிக்குக் கண் தெரியாது.

அப்படியானால் அடைத்துவைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்பீர்கள். இந்த மாதத்தில் தகரக் கூரையின் கீழே நண்பகலில் கோழியை அடைத்து வைப்பதும் கொல்வதும் ஒன்றுதான். ஆகவே காலையில் ஒருவர் திறக்க வேண்டும், அந்தியில் ஒருவர் அடைக்க வேண்டும். தீனுக்கும் தண்ணீருக்கும் ஏதாவது ஏற்பாடு செய்துவிடலாம். இந்த இரண்டு வேலைக்கும் மனிதர் வேண்டும், அதிலும் அந்தியில் அடைப்பதற்கு நம்பிக்கையான மனிதர் வேண்டும்.

அவரை எப்படித் தேர்வது? உங்கள் கோழி கத்தினால் எவருடைய காதில் விழுமோ அவரிடம் விடுங்கள். இரண்டு கிலோமீற்றர் தள்ளியிருக்கிற சொந்தத் தம்பியைவிட வேலிக்கு அப்பால் இருக்கிற மாமி மேல்.

4 யூன், இரவு

அடைகிடக்கும் பேட்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் அது எந்த நாளில் அடையில் இருந்தது என்று கணக்குப் பாருங்கள். 21ஆம் நாளில் குஞ்சு பொரிக்கும். ஒரு நாள் முன்பின் ஆகலாம். அந்த நாள் உங்கள் பயணத்துக்குள் விழுந்தால் பார்ப்பவருக்கு வேலை இரட்டிப்பாகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முட்டைகளில் கரித்துண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடைக்கோழி ஒரு நாளில் ஒரு தடவை எழும்பித் தின்று, குடித்து, எச்சமிட்டு, மண்குளித்துத் திரும்பும். அந்தச் சிறு இடைவெளியில் மற்றப் பேடுகள் அதே பெட்டியில் ஏறி முட்டையிட்டுவிடும். கோடில்லாத முட்டையைக் கண்டால் அன்றைக்கே எடுத்துவிடும்படி சொல்லுங்கள். இல்லாவிட்டால் பொரிக்கும் நாளில் பாதி முட்டை குஞ்சாகும், மீதி முட்டை நடுவழியில் நிற்கும், தாய் குஞ்சுகளோடு இறங்கிப் போய்விடும்.

பேடு தானாக எழும்பவில்லையே என்று அஞ்சி அதைத் தூக்கி இறக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கால் இடுக்கில் முட்டை சிக்கியிருக்கும். தூக்கும்போது விழுந்து உடையும். தண்ணீரும் தீனும் அடைப்பெட்டிக்கு இரண்டு மூன்று அடி தள்ளி இருந்தால் போதும், அது தன் நேரத்துக்கு எழும்பி வரும்.

குஞ்சுகளோடு நிற்கிற தாயை, பார்ப்பவர் ஒப்புக்கொண்டால், பகலில் கரப்பால் (கவிழ்த்து மூடும் கூடையால்) மூடி வைப்பதே நல்லது. நீங்கள் வீட்டில் நிற்கும்போது காகத்தை விரட்ட ஒரு குரல் இருக்கிறது. வீட்டில் ஆள் இல்லை என்பதைக் காகம் ஒரே நாளில் அறிந்துகொள்ளும். கரப்பை மரநிழலில் வைத்து, நிழல் நகரும்போது கரப்பையும் நகர்த்த வேண்டும். குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கும் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு, கல்லிடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்கும்படி விடுங்கள். ஆழமான பாத்திரத்தில் குஞ்சு விழுந்து அமிழ்ந்துபோவதற்கு ஒரு விநாடி போதும்.

6 யூன்

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "தண்ணீருக்கு ஒரு பெரிய வாளி வைத்தால் ஒரு வாரத்துக்குப் போதாதா?"

கணக்கு இதுதான். முட்டையிடும் ஒரு பேடு சாதாரண நாளில் ஏறத்தாழ கால் லீற்றர் குடிக்கும். சோளகக் காற்று வீசும் இந்த மாதங்களின் வெயிலில் அது இரண்டு மடங்காகும். பதினான்கு கோழிக்கு ஒரு நாளில் ஏழு லீற்றர் என்று வையுங்கள். வாளி தாங்காது என்பது ஒருபுறம். திறந்த வாளியின் விளிம்பில் கோழி ஏறி நிற்கும், எச்சமிடும், கவிழ்க்கும். இரண்டாம் நாளில் அது குடிக்கும் தண்ணீராக இருக்காது. வெயிலில் கொதித்த தண்ணீரைக் கோழி தொடாது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் போனால் முட்டை நின்றுவிடும், மறுபடி தொடங்க நாட்பட்ட காலம் பிடிக்கும்.

ஒரு பெரிய பாத்திரத்துக்குப் பதிலாக மூன்று மண்சட்டிகளை மூன்று நிழல்களில் வையுங்கள். ஒன்று கவிழ்ந்தாலும் இரண்டு இருக்கும். அடங்கிய கோழியை ஆதிக்கக் கோழி ஒரு சட்டியிலிருந்து விரட்டினாலும் அது மற்றச் சட்டிக்குப் போகும். ஐந்து லீற்றர் பிளாஸ்ரிக் கலனின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளையிட்டு, மூடியை இறுக மூடி, விளிம்புள்ள தட்டில் நிறுத்தினால், தட்டில் தண்ணீர் குறையக் குறையத் தானாக இறங்கும். துளை தட்டின் விளிம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். உயர்ந்து போனால் முழுவதும் வழிந்து நிலத்தில் போய்விடும். புறப்படுவதற்கு முன்னர் அதை இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிடுங்கள். புதுப் பாத்திரத்தைக் கோழி உடனே நம்பாது.

தீனைக் குவித்து வைப்பதையும் நான் விரும்பவில்லை. குவியல் எலியையும் அணிலையும் கூப்பிடும், எலியைத் தேடிச் சாரையும் நாகமும் வரும். காலையில் ஒரு தடவை, அடைக்கும் முன்னர் ஒரு தடவை. அந்தியில் போடுவது அளவில் சிறிதாக இருந்தாலும் அவசியம், ஏனென்றால் அதற்காகத்தான் அவை கூட்டுக்கு அருகே வந்து கூடும். குறுணலும் தவிடும் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் போதும். கடற்கரைப் பக்கத்தவர்கள் கருவாட்டுத் தலையை இடித்துப் போடுவார்கள். அது நல்ல சத்து, ஆனால் உப்பு கூடினால் கோழிக்கு நஞ்சு. நன்றாகக் கழுவி ஊறவைக்கத் தெரியாதவரிடம் அந்தப் பொதியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம்.

7 யூன்

"பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நாளுக்கு நூறு ரூபாய் கொடுத்தால் முடிந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

பிள்ளை கெட்டிக்காரனாக இருக்கலாம். ஆனால் அந்தி ஆறு மணிக்கு அவன் எங்கே நிற்பான்? ரியூசனிலும் விளையாட்டுத் திடலிலும் நிற்பான். ஆகவே முதல் நாளில் நான் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: காதில் விழும் தூரத்தில் இருப்பது மட்டும் போதாது, விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் நிற்பவராகவும் இருக்க வேண்டும். வேலிக்கு அப்பால் இருக்கிற மாமி மாலையில் மாடு சாய்க்கப் போகிறவர் என்றால், ஒரு வளவு தள்ளியிருக்கிற ஆச்சியே பொருத்தமானவர். கார்த்திகை மாதத்தில் ஆறு மணிக்கு முன்னரே இருட்டிவிடும். ஆடியில் ஆறரை வரை வெளிச்சம் நிற்கும். கோழி தானாகவே கூட்டில் ஏறும் வரையில் காத்திருந்து அடைக்க வேண்டும். அவசரப்பட்டு நேரத்துக்கே துரத்தத் தொடங்கினால் வேலியிலும் முருங்கையிலும் ஏறிவிடும், பிறகு இறக்க முடியாது. அடைக்கும்போது எண்ணிப் பார்க்க வேண்டும். பதினான்கு என்று கூட்டுக் கதவிலேயே கரியால் எழுதிவிடுங்கள்.

கொடுப்பதைப் பற்றியும் சொல்கிறேன். எங்கள் ஊரில் அயலவரிடம் காசை நீட்டினால் முகம் மாறும். முட்டை அவர்களுடையது என்று சொல்லிவிடுவதே வழக்கம். அது உங்களுக்கும் நல்லது: தமக்குரிய முட்டையாக இருந்தால் நாள்தோறும் எடுப்பார்கள். எடுக்காமல் பெட்டியில் சேர்ந்த முட்டை பாம்பையும் காகத்தையும் இழுக்கும், இன்னும் இரண்டு பேட்டை அடையில் இருத்திவிடும். நீண்ட நாள் என்றால், திரும்பி வந்தபின் பொரிக்கும் குஞ்சில் இரண்டு அவர்களுக்கு என்று பேசிக்கொள்ளலாம்.

7 யூன், பிற்பகல்

எழுதி முடித்த பிறகும் மனம் ஆறவில்லை. முட்டையைவிடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது.

பலர் கோழி பார்க்க மறுப்பது வேலைக்குப் பயந்து அல்ல, பழிக்குப் பயந்து. "மூன்று கோழி குறைந்துவிட்டது" என்று ஊருக்குத் திரும்பியவர் ஒரு வார்த்தை சொன்னால் இருபது ஆண்டு உறவு முறியும். வேலிச் சண்டையைவிடக் கோழிச் சண்டை நெடுநாள் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே சாவியைக் கொடுக்கும்போதே, மற்றவர்கள் கேட்கும்படி, தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "மரநாய் கொண்டுபோனால் அது மரநாயின் கணக்கு. உங்களிடம் நான் கேட்கமாட்டேன்." சொல்லிவிட்டு, உண்மையிலேயே கேட்காமல் இருங்கள்.

அதோடு முடிவெடுக்கும் உரிமையையும் கொடுத்துவிட்டுப் போங்கள். விசுவமடுவில் என் தங்கை இல்லாத நேரத்தில் ஒரு பேடு தலை தொங்கி, பச்சையாகக் கழிந்து நின்றது. பார்த்துக்கொண்டவர் நல்ல மனிதர், கவனமானவர். அந்தக் கோழியைப் பிரித்து வைக்கவோ அறுத்துப் புதைக்கவோ தமக்கு உரிமையில்லை என்று எண்ணி, கைபேசியில் தங்கை பதில் சொல்லும் வரையில் காத்திருந்தார். தங்கையோ வைத்தியசாலை விடுதியில், கைபேசியை அணைத்துவைத்திருந்தாள். அவள் பதில் சொல்லும்போது கூட்டில் பாதிக்கு மேல் போய்விட்டது. நோயுற்றதைக் கண்டால் யாரையும் கேட்காமல் அன்றே பிரிக்கலாம், தேறாது என்று கண்டால் அழிக்கலாம், தேவையானால் மிருக வைத்தியருக்குச் சொல்லலாம், மருந்துச் செலவுக்கு இந்தக் காசு. இந்த நான்கையும் புறப்படும் முன்னர் வாயால் சொல்லிவிட வேண்டும்.

10 யூன்

தங்கையின் கூட்டுக்கு வந்தது ராணிக்கெட் என்ற கோழித் தொற்றுநோய்தான் என்று மிருக வைத்தியர் சொன்னதாக எழுதினால், "தடுப்பு மருந்து போட்டிருந்தாரா?" என்று கேட்பீர்கள். காலம் தவறியிருந்தது.

பயணம் முன்கூட்டியே தெரிந்திருந்தால், தடுப்பு மருந்தைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னரே போட்டுவிடுங்கள். மருந்து உடலில் பிடிக்க அவ்வளவு காலம் வேண்டும்; போடும் நாளில் கோழி நலமாகவும் இருக்க வேண்டும். உயிருள்ள கிருமியைக் கொண்ட மருந்தின் காப்பு சில மாதங்களில் தளர்ந்துவிடும் என்பதால், போன ஆண்டு போட்டது இந்த ஆண்டுக்கு நிற்காது. உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். மருந்துப் புட்டி பல கோழிக்கு உரியது, திறந்தால் வைத்திருக்க முடியாது. அயலில் நான்கு வீடு சேர்ந்து ஒரே நாளில் போட்டால் வீணாகாது. பார்த்துக்கொள்பவரின் கோழிக்கும் அதே நாளில் போட்டுவிடலாம், ஏனென்றால் இரண்டு வளவுக்கும் இடையில் அவருடைய செருப்பு தினமும் போய்வரப் போகிறது.

இன்னொன்று: புறப்படும் வாரத்தில் சந்தையில் புதுக் கோழி வாங்கி உள்ளே விடாதீர்கள்.

12 யூன்

துணுக்காயிலிருந்து ஓர் அக்கா கேட்கிறார்: கோழிகளையே அக்கம்பக்கத்து உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய் விடலாமே?

சில மாதங்களுக்குப் போகிறீர்கள் என்றால் விடலாம், பங்குக்கே கொடுத்துவிடலாம். பத்து நாளுக்கு விடுவது இரண்டு பக்கத்துக்கும் துன்பம். கோழி தான் ஏறிய பரணைத் தேடும். புதுக் கூட்டில் நான்கைந்து நாளாவது அடைத்து வைத்துத்தான் வெளியே விட வேண்டும். அதற்கு முன் விட்டால் அந்தியில் பழைய வளவை நோக்கி நடக்கும், நடுவழியில் இருட்டும். இரண்டு கூட்டத்துச் சேவல்கள் இரத்தம் வடியக் கொத்திக்கொள்ளும். உறவினர் வளவில் கச்சானோ கத்தரியோ நட்டிருந்தால் அது உங்கள் உறவையும் கிளறும். அப்படியும் கொண்டுபோக நேர்ந்தால், இரவில் கூட்டிலிருந்து பிடித்து, காற்றோட்டமுள்ள கடகத்தில் மூடிக் கொண்டு போங்கள். காலைக் கட்டி மோட்டார் சைக்கிளில் தலைகீழாகத் தொங்கவிடுவது கொடுமை. அந்தக் கோழி போய்ச் சேர்ந்தாலும் பல நாள் முட்டையிடாது.

13 யூன்

பெரியவர் ஒருவர், "தாயின் சிகிச்சைக்குப் போகிறவள் கோழியைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டுமா?" என்று எழுதியிருக்கிறார். ஐயா, உங்கள் வயதை மதித்து எழுதுகிறேன்.

2008இலும் 2009இலும் போரினால் இந்த ஊர்களை விட்டுப் போனபோது கூட்டைத் திறந்துவிட்டுவிட்டுத்தான் போனோம். அன்றைக்கு அதைவிட வேறொன்றும் செய்ய முடியவில்லை. மனிதரைக் கொண்டுபோகவே வழியில்லை. மீள்குடியேறி வந்து, தறப்பாள் கொட்டிலில் இருந்த காலத்தில், முதலில் கைக்கு வந்த வருமானம் பல வீடுகளில் கோழிதான். உதவியாகக் கிடைத்த குஞ்சுகளையும், உறவினர் வவுனியாவிலிருந்து கொண்டுவந்து தந்த பேட்டையும் வைத்துப் பெண்கள் வீட்டை நிமிர்த்தினார்கள். ஒரு கூடு வெறுமையாகிப் போனால் திரும்ப நிறைக்க ஓராண்டு வேண்டும். இன்று கதவை அடைக்க ஓர் அயலவர் இருக்கிறார், சொல்லிவிட்டுப் போக நேரம் இருக்கிறது. அந்த வசதி இருக்கும்போது, வேண்டியதைச் செய்துவிட்டுப் போனால் அந்தப் பிள்ளை தாயின் கட்டிலருகில் நிம்மதியாக இருப்பாள்.

30 யூன்: மல்லாவி வாசகியின் பதில்

அம்மா நலம். பக்கத்து ஆச்சிதான் பார்த்தார். ஒரு குஞ்சைக் காகம் கொண்டுபோய்விட்டது, மற்றவை எல்லாம் நிற்கின்றன. அடைக்கோழி ஒன்பது குஞ்சு பொரித்திருக்கிறது. ஆச்சி கூட்டைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவி வைத்திருந்தார். காலையில் பார்த்தால் என்ன வந்து போனது என்று கால்தடம் சொல்லும் என்றார். இரண்டு நாள் மரநாயின் தடம் இருந்ததாம். அதன் பிறகு கூரை ஓரத்துக் கிடுகின் மேல் கம்பிவலையை இழுத்துக் கட்டுவித்திருக்கிறார். கறையானுக்கும் அவரே வழி செய்தார்: பழைய முட்டிக்குள் காய்ந்த சாணமும் வைக்கோலும் திணித்து, தண்ணீர் தெளித்து, இரவில் புற்றடியில் கவிழ்த்து வைத்து, விடியக் குஞ்சுகளுக்குத் தட்டிவிட்டாராம்.

1 யூலை

அம்மா நலமடைந்தது மிகுந்த மகிழ்ச்சி, சகோதரி. ஆச்சிக்கு என் வணக்கம். சாம்பல் முறையை நான் இதுவரை அறிந்திருக்கவில்லை. நேற்றிரவே எங்கள் கூட்டடியில் தூவினேன், காலையில் கீரியின் தடம் தெரிந்தது. பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு இதைவிட உதவியான ஏற்பாடு இல்லை, ஏனென்றால் இழப்பு வருவதற்கு முன்னரே எச்சரிக்கை கிடைக்கிறது. கறையானை மட்டும் பொரித்த முதல் நாளிலேயே நிறையப் போட வேண்டாம். குஞ்சின் வயிற்றில் மஞ்சட்கருவின் மிச்சம் இரண்டு நாளைக்குத் தாங்கும், அப்போது தண்ணீரும் தாயின் சூடும் போதும்.

9 ஓகஸ்ட்

மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கேட்டிருப்பதால் சுருக்கமாக: வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் போன்ற ஓர் இரவுப் பயணத்துக்கு ஆள் தேவையில்லை. அந்தியில் அடைத்து, உள்ளே தண்ணீர் வைத்துவிட்டுப் போய், வெயில் ஏறும் முன்னர் திரும்பினால் போதும். 15ஆம் திகதித் திருவிழாவுக்கு முன்னரே போய்க் கொட்டில் போட்டுத் தங்குகிறவர்களுக்கு மேலே எழுதியவை எல்லாம் பொருந்தும். முழுக் குடும்பங்களாக ஊரே போகும் இடங்களில், போகாத வீடு எது என்று முதலில் கேட்டு வையுங்கள்.

21 ஒக்ரோபர்

மழை தொடங்கிவிட்டது. யூனில் எழுதியவற்றில் சில இந்தக் காலத்துக்குப் பொருந்தா.

இப்போது பயம் வெயிலுக்கல்ல, ஈரத்துக்கு. கூட்டின் நிலம் நனைந்து கிடந்தால் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும். புறப்படும் முன்னர் பழைய உமியை வாரிவிட்டுப் புது உமி பரப்புங்கள், மாற்றுவதற்கு ஒரு பை உமியை நனையாத இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். நுளம்பு பெருகுவதால் அம்மைக் கொப்புளம் வரும். தவிடும் புண்ணாக்கும் பூஞ்சணம் பிடித்தால் அதைக் கோழிக்குப் போடவே கூடாது. பெரிய பையை விட்டுச் செல்லாமல், மூடியுள்ள வாளியில் தேவையான அளவை மட்டும் வையுங்கள்.

குளத்து வான்கதவுகளுக்குக் கீழே இருப்பவர்கள் 2018 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டார்கள். நிலத்தோடு இருந்த கூடுகள் ஓர் இரவில் மூழ்கின. அப்படிப்பட்ட வளவில், வெள்ளம் ஏறினால் கோழியை எங்கே ஏற்றுவது என்பதையும் பார்ப்பவருக்குக் காட்டிவிட்டுப் போக வேண்டும். வீட்டுத் திண்ணையின் சாவியும் அவரிடம் இருக்க வேண்டும். 2022 டிசம்பரில் வீசிய குளிர்க்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் பெருந்தொகையாக இறந்தன. கோழிக்கூட்டில் வாடைக்காற்று அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் உரப்பையைத் தொங்கவிட்டு, மற்றப் பக்கங்களைக் காற்றோட்டத்துக்குத் திறந்து விடுங்கள்.

22 ஒக்ரோபர்

சாம்பலைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு: மழையில் சாம்பல் கரைந்து சேறாகிவிடும், தடம் நிற்காது. கூரைத் தாழ்வாரத்தின் உட்பக்கத்தில், நீர் சொட்டாத இடத்தில், சலித்த மணலை ஒரு சாண் அகலத்துக்குப் பரப்புங்கள். அடைக்கும் நேரத்தில் கையால் ஒரு தடவை தடவிவிட்டால் போதும்.